மீளழைப்பும் உடன்செல்லும் தகவலும்: மேனிலைக் கணினிப் பாடநூலின் ‘வரையெல்லை’ விளக்கத்தை முன்வைத்து

தமிழ்நாட்டு மேனிலை இரண்டாமாண்டுக் கணினி அறிவியல் பாடநூல், 2019இல் வெளிவந்த புதிய பாடத்திட்டப் பதிப்பு முதல், பைத்தான் மொழியைக் கற்பிக்கிறது. அதன் தொடக்கப் பாடங்கள் செயற்கூறு, தரவு அருவமாக்கம், வரையெல்லை என்னும் வரிசையில் அமைகின்றன. இறுதிப் பாடம் மேட்பிளாட்லிப் நூலகத்தின் வழிக் கோட்டு வரைபடம், பட்டை வரைபடம், வட்ட வரைபடம் ஆகியவற்றை வரையக் கற்பிக்கிறது. தமிழ்வழி மாணவர் பலர்க்கு நிரலாக்கக் கலைச்சொற்கள் முதலில் அறிமுகமாவது இந்நூல் வழியேதான். எனவே அது எதனை விளக்குகிறது, எதனை விளக்காமல் விடுகிறது என்பது தமிழ் அறிவியல் உரைநடை பற்றிய ஆய்வுக்கும் உரிய பொருளாகிறது. ஊடாடும் வரைகலையில் மீளழைப்புச் செயற்கூறுகளுக்குக் கூடுதல் தகவல் அனுப்புதல் என்னும் ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, அந்நூலின் வரையெல்லைக் கருத்தை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

இச்சிக்கலை நான் எதிர்கொண்டது என் ஊர்ப்பெயராய்வின் போது. கன்னிவாடிப் பகுதியின் நிலப்படத்தைத் திரையில் அமைத்து, கன்னிவாடி, தருமத்துப்பட்டி, ரெட்டியார்சத்திரம், ஆத்தூர், செம்பட்டி என ஊருக்கு ஒரு பொத்தான் வைத்தேன். பொத்தானை அழுத்தினால் அவ்வூருக்குரிய குறிப்பேடு திறக்க வேண்டும். ஐந்து பொத்தான்களையும் ஒரே மடக்கில் உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு லாம்டாச் செயற்கூற்றை இணைத்தேன். எதை அழுத்தினாலும் செம்பட்டியே திறந்தது. குறிப்பேட்டின் தலைப்பில் ஊர்ப்பெயர் காட்டப்படாததால் இது உடனே புலப்படவில்லை. இரண்டு நாள்கள் தட்டெழுதிய களக்குறிப்புகள் அனைத்தும் செம்பட்டியின் பெயரில் சேர்ந்திருந்தன. ஊர்ப்பெயராய்வில் இதனைவிடப் பெரிய கேடு வேறில்லை.

நிகழ்ந்தது இதுதான். பைத்தானின் டிகின்டர் நூலகத்தில் பொத்தானோடு இணைத்த செயற்கூறு, பொத்தான் அழுத்தப்படும்போது செயலுருபு எதுவுமின்றி அழைக்கப்படுகிறது. எந்த ஊர் என்னும் செய்தியை அழைப்பவர் தருவதில்லை. இணைக்கும்போதே நிரலர் அதனை உடன் வைத்தனுப்ப வேண்டும். நான் அனுப்பியதாக எண்ணியது ஊரின் பெயரை. உண்மையில் அனுப்பியது மடக்கின் மாறியை. மடக்கு முடிந்தபின் அம்மாறியில் எஞ்சியிருந்தது இறுதி ஊர் மட்டுமே.

பழைய சி மொழி நூலகங்கள் இத்தேவையை வெளிப்படையாகவே ஏற்றிருந்தன. எக்ஸ் சாளர அமைப்பின் கருவித் தொகுப்பில் மீளழைப்பைப் பதிவுசெய்யும்போது பயனர் தரவு ஒன்றையும் உடன் கொடுக்கலாம். அழைக்கும்போது நூலகம் அதனைத் திருப்பித் தரும். ஜிடிகே நூலகமும் இவ்வழியையே பின்பற்றுகிறது. ஓப்பன்ஜிஎல் கற்பிக்கப் பரவலாகப் பயன்பட்ட, மார்க் கில்கார்ட் உருவாக்கிய கிளட் நூலகத்தில் இவ்வசதி இல்லை. நேரங்காட்டி அழைப்பில் ஒரு முழு எண்ணை மட்டும் அனுப்பலாம். அதன் வழிவந்த ஃப்ரீகிளட்டில் பயனர் தரவை ஏற்கும் அழைப்புகள் 2022இல் வெளிவந்த 3.4 பதிப்பில்தான் சேர்ந்தன. வரைகலை ஆய்வக நிரல்களில் முழுதளாவிய மாறிகள் மலிந்திருப்பதை மாணவரின் சோம்பலாகக் கருதுவோர் இதனையும் கருத வேண்டும்.

இனிப் பாடநூலுக்கு வருவோம். உள்ளமை, அடைக்கப்பட்ட, முழுதளாவிய, உள்ளிணைந்த என்னும் நால்வகை வரையெல்லைகளையும், ஒரு பெயரை அவ்வரிசையில் தேட வேண்டும் என்னும் விதியையும் அது தெளிவாகத் தருகிறது. விதியில் பிழையில்லை. ஆனால் அவ்விதியை என் நிரலுக்குப் பொருத்தினால் கிடைக்கும் விடை, ‘ஊர்’ என்னும் பெயர் காணக்கிடைக்கிறது என்பது மட்டுமே. பெயர் எங்கே காணப்படும் என்பதை நூல் சொல்கிறது. எப்போது படிக்கப்படும் என்பதைச் சொல்லவில்லை. வரையெல்லை அங்கு முற்றிலும் இடம் சார்ந்த கருத்தாக நின்றுவிடுகிறது. எழுதிய வரிசையிலேயே இயங்கும் நிரலுக்கு இது போதும். பதிவுசெய்த காலமும் அழைக்கப்படும் காலமும் வேறுபடும் மீளழைப்பில் போதாது. இறுதிப் பாடம் வரைபடச் சாளரத்தின் கீழுள்ள முகப்பு, பெரிதாக்கல், சேமித்தல் முதலிய பொத்தான்களை விளக்குகிறது. அவற்றுள் ஒன்றை அழுத்தும்போது நிரலினுள் என்ன நிகழ்கிறது என்னும் வினாவை எழுப்புவதில்லை. வாயில்வரை வந்து திரும்பிய நிலை இது.

தமிழ் மாணவர்க்கு இக்கால வேறுபாடு அயலானதன்று. கம்பராமாயணத்தில் இராமன் அனுமனை அனுப்பும்போதே கணையாழியையும், சீதை மட்டுமே அறிந்த அடையாளச் செய்திகளையும் அவன்பால் ஒப்படைக்கிறான். சந்திப்பு எப்போது, எவ்விடத்தில் நிகழும் என்பது அப்போது தெரியாது. அச்சூழல் தரும் செய்தி வேறு. புறப்படும்போதே கட்டிக்கொண்டு சென்ற செய்தி வேறு. ஒப்புமையை இதற்குமேல் நீட்டுதல் தகாது. வகுப்பறையில் ஐந்து நிமிடத்திற்கு இது உதவும்.

தீர்வு எளிது. லாம்டாவின் அளபுருவுக்கு ஊர்ப்பெயரை இயல்பு மதிப்பாகக் கொடுத்தால், செயற்கூறு உருவாகும் நொடியிலேயே மதிப்பு நிலைபெறும். ஃபங்டூல்ஸ் நூலகத்தின் பார்ஷியல் வழியாகவும் இதனைச் செய்யலாம். ஆயினும் எல்லாத் தகவலையும் இவ்வாறு முன்கூட்டியே நிலைநிறுத்துதல் மற்றொரு பிழை. என் நிலப்படத்தில் ஊர்ப்பெயர் பதிவின்போதே நிலைபெற வேண்டும். படத்தின் அப்போதைய உருப்பெருக்கம் பொத்தானை அழுத்தும் நொடியில் படிக்கப்பட வேண்டும். எது மதிப்பாகச் செல்வது, எது பெயராகச் செல்வது எனத் தேர்வதே இங்கு நிரலரின் பணி. மொழி வடிவமைப்பாளரும் இதில் தடுமாறியவர்களே. சி ஷார்ப் 2012இலும், கோ மொழி 2024இல் வெளிவந்த 1.22 பதிப்பிலும், மடக்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய மாறி என விதியை மாற்றின. பைத்தான் பழைய விதியையே கொண்டுள்ளது.

கலைச்சொல் குறித்தும் ஒன்று கூற வேண்டும். ‘மீளழைப்பு’ என்பது மீண்டும் மீண்டும் அழைத்தல் என்னும் பொருளுக்கு இடம் தருகிறது. பிறரால், பிறிதொரு காலத்தில் என்னும் இரண்டு இன்றியமையாக் கூறுகளும் அதில் இல்லை. சொல் வழக்கூன்றிவிட்டதால் மாற்றப் பரிந்துரைக்கவில்லை. வரையெல்லைப் பாடத்தில் மடக்கும் லாம்டாவும் சேர்ந்த ஆறுவரி நிரல் ஒன்றையேனும் சேர்த்து, அதன் வெளியீட்டை மாணவரே முன்னறிந்து சொல்லுமாறு கேட்கலாம்.

என் நிரல் ஓர் அளபுருவால் திருந்திவிட்டது. செம்பட்டியின் பெயரில் சேர்ந்துவிட்ட குறிப்புகளைக் கையெழுத்துக் களக்குறிப்பேட்டோடு ஒப்பிட்டு ஊர்வாரியாகப் பிரிக்கும் பணி இன்னும் முடியவில்லை.