பூஜ்ஜியத்தைத் துரத்தும் பவளத்தொட்டிகள்

வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களுக்குப் பாஸ்பேட் என்றாலே கலக்கம். பாறையில் முடிப்பாசி தலைகாட்டினால் பழி அதன்மேல்தான் விழுகிறது. உடனே நீரை ஓடவிட்டு வடிக்கும் ரியாக்டர் குழலில் ஜிஎஃப்ஓ என்னும் இரும்பு ஆக்சைடு குருணையைக் கொட்டி, அளவு பூஜ்ஜியத்துக்கு இறங்கும்வரை ஓட்டுகிறார்கள். குருணையில் குறை காண மாட்டேன். அந்தப் பூஜ்ஜியத்தில்தான் கோளாறு.

கலக்கத்துக்குக் காரணம் உண்டு. பவளம் கால்சியம் கார்பனேட்டைப் படிகமாக அடுக்கி எலும்புக்கூட்டைக் கட்டுகிறது; பாஸ்பேட் அந்தப் படிகத்தில் ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுக்கும். கிரேட் பேரியர் ரீஃபைச் சேர்ந்த ஒன் ட்ரீ தீவில் 1990களில் நடந்த என்கோர் ஆய்வில், பாஸ்பேட் கூட்டப்பட்ட பவளங்கள் நீளமாக வளர்ந்தன. எலும்போ அடர்த்தி குறைந்து எளிதில் முறியும்படி ஆனது. பாஸ்பேட்டைப் பிடிப்பதில் ஜிஎஃப்ஓ கெட்டிக்காரச் சரக்கு. பிடித்ததை எளிதில் திருப்பி விடாது.

ஆனால் தொட்டிக்காரர் துரத்தும் எண் எவ்வளவு நம்பகமானது? பலர் கையில் இருக்கும் ஹானா செக்கர் என்னும் அளவுக் கருவியின் பாஸ்பரஸ் மாடலை எடுத்துக்கொள்வோம். 10 மில்லி நீரில் பொடியைக் கலக்கி, குப்பியைத் துடைத்து உள்ளே வைக்க வேண்டும். கண்ணாடியில் ஒரு விரல்ரேகை இருந்தாலே அளவு மாறும். திரையில் வருவது பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில் பாஸ்பரஸ், அதை 3.066ஆல் பெருக்கினால்தான் பாஸ்பேட். கருவியின் பிழை வரம்பே 5 பிபிபி, அதாவது பாஸ்பேட்டில் சுமார் 0.015 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு). பவளக் கடலின் இயல்பான அளவே அந்த நெருக்கத்தில்தான் இருக்கிறது. பூஜ்ஜியமா, கடலளவா என்று அந்தத் திரையால் சொல்ல முடியாது.

அதைவிட முக்கியமானது, எண் காட்டுவது மிச்சத்தை மட்டுமே. உலர் மீன் தீனியில் ஏறத்தாழ 1 சதவீதம் பாஸ்பரஸ். 200 லிட்டர் தொட்டியில் 1 கிராம் தீனி முழுதும் கரைந்தால் 0.15 பிபிஎம் பாஸ்பேட் சேரும். இது தினமும் வந்து தினமும் போகிறது. கடல்நீரில் பாஸ்பேட் குறைவுதான். ஆனால் அலை ஓயாமல் மிதவை உயிரிகளைக் கொண்டுவந்து பவளத்துக்கு ஊட்டுகிறது. அந்த ஊட்டம் தொட்டியில் இல்லை. கடலின் எண்ணை மட்டும் நகலெடுத்தால் பவளம் பட்டினி கிடக்கும். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியதும் இதைத்தான்: நைட்ரேட் இருந்து பாஸ்பேட் வற்றினால், பவளத்தினுள் வாழும் பாசி தடுமாறி, வெப்பத்திலும் வெளிச்சத்திலும் பவளம் எளிதில் வெளுக்கிறது. முடிப்பாசி ஒழிந்த தொட்டியில் பழுப்பு நூலாக டைனோபிளஜெல்லேட் என்னும் நுண்ணுயிர் படர்வதும் இத்தகைய வறட்சியில்தான். அதை விரட்டுவது முடிப்பாசியை விரட்டுவதைவிடக் கடினம்.

அளவு இறங்கும் வேகமும் ஆபத்து. புதுக் குருணை ஒரேயடியாக உறிஞ்சும்போது அக்ரோபோரா பவளத்தின் நுனிகள் வெந்ததுபோல் வெளுக்கின்றன. போதாக்குறைக்குப் பாறையும் மணலும் பாஸ்பேட்டைச் சேமித்து வைத்திருக்கும். நீரில் குறைந்ததும் அவை கசியவிடும். குருணை தீர்ந்ததும் எண் பழைய இடத்துக்கே ஏறுவது இதனால்தான். குருணை போலி என்று கடைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை.

அளவு 0.2, 0.3 பிபிஎம் என்று நிற்கும் தொட்டிக்கு ஜிஎஃப்ஓ அவசியம். அங்கே தயங்கக் கூடாது. சொல்லப்பட்ட அளவில் பாதிக் குருணை போட்டு, சில நாளுக்கொரு முறை அளந்து, 0.05 அருகே வந்ததும் ரியாக்டரை நிறுத்திவிடலாம். அதன்பிறகு கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரும், ஊட்டத்தை உறிஞ்சும் கீட்டோ பாசியும் போதும். மீன் தீனியைக் குறைக்க வேண்டியதில்லை.