முழு வலிமை காட்டியும் அறுந்துபோகும் தொடர்பு

விண்டோஸ் இயங்குதளம் உள்ள மேசைக் கணிப்பொறியின் திரை ஓரத்தில் விசிறி போன்ற ஒரு சிறு குறி உண்டு. அதன் வளைகோடுகள் யாவும் ஒளிர்ந்தால் வைஃபை சைகை வலிமையாக உள்ளது என்று பொருள். ஆனால், அவை யாவும் ஒளிரும்போதே தொடர்பு விட்டு விட்டு வருவதைப் பலர் கண்டிருப்பர். உடனே ரூட்டர் பழுது என்று முடிவு கட்டிப் புதியதொன்றை வாங்கிவிடுகிறோம். பழுது பல சமயங்களில் ரூட்டரில் இல்லை. விண்டோஸ் நமக்குக் காட்டும் அளவீடு பாதி உண்மையையே சொல்கிறது என்பதுதான் குறை.

முதலில் அந்த அளவீட்டைப் பார்ப்போம். சைகையின் தரத்தை விண்டோஸ் 0 முதல் 100 வரையிலான விழுக்காடாகத் தருகிறது. ஒரு மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட டெசிபல் அளவில், −100 என்பது 0 விழுக்காடு; −50 என்பது 100 விழுக்காடு. அப்படியானால் 20 விழுக்காடு குறைவது என்பது 10 டெசிபல் குறைவது. அதாவது, திறன் பத்தில் ஒரு பங்காகிறது. 80 விழுக்காடு என்றால் முழு அளவில் பத்தில் ஒன்று. 60 என்றால் நூறில் ஒன்று. 40 என்றால் ஆயிரத்தில் ஒன்று! இது மடக்கை அளவு என்று எங்கும் சொல்லப்படாததால், 50 விழுக்காட்டைச் சரிபாதி என்றே மாணவர் கருதுவர்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. வகுப்பறையில் ஆசிரியரின் குரல் எவ்வளவு உரத்தது என்பது மட்டும் போதாது. வகுப்பில் இரைச்சல் எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும். வானொலி அலைகளுக்கும் இதே விதிதான். சைகை −60, இரைச்சல் −95 என்று கொள்வோம். இடைவெளி 35 டெசிபல். சைகை இரைச்சலைப் போல் சுமார் 3,000 மடங்கு. இரைச்சல் −75 ஆக உயர்ந்தால் அது சுமார் 30 மடங்காகச் சுருங்கிவிடும். திரையிலோ அதே 80 விழுக்காடு!

இத்தகைய இரைச்சல் எங்கிருந்து வரும்? மைக்ரோவேவ் அடுப்பும் அண்டை வீட்டு ரூட்டரும் பலர் அறிந்தவை. கணிப்பொறியின் முதுகிலேயே ஒன்று ஒளிந்திருக்கலாம். யுஎஸ்பி 3.0 இணைப்பில் தரவு விநாடிக்கு 500 கோடி பிட் வேகத்தில் பாய்கிறது. அதனால் எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் பரவுகிறது. இவ்வகை வன்தட்டை இணைத்தபோது அப்பகுதியில் இரைச்சல் ஏறத்தாழ 20 டெசிபல், அதாவது நூறு மடங்கு உயர்ந்ததை இன்டெல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட அறிக்கை காட்டியது.

விண்டோஸின் பழுதறியும் உதவியோ, பெரும்பாலும் வைஃபை அட்டையை அணைத்து மீண்டும் இயக்குவதோடு நின்றுவிடுகிறது. காய்ச்சலின் காரணத்தைத் தேடாமல் நெற்றியில் ஈரத்துணி போடுவது போன்றது இது. நேர்மையாகச் சொன்னால், நல்ல கருவியும் அதனிடம் உண்டு. தொடர்பு எப்போது, எக்காரணத்தால் அறுந்தது என்று கடந்த 3 நாட்களின் வரலாற்றைத் தொகுத்துத் தரும் வசதி விண்டோஸ் 10-இல் சேர்க்கப்பட்டது. ஆனால், கட்டளை வரியைத் தட்டச்சுச் செய்யத் தெரிந்தவருக்கே அது கிட்டும். பொதுமக்களுக்கு விசிறிக் குறிதான் மிச்சம்.

ஆகவே, பணம் செலவழிக்கும் முன் நாமே சோதித்துப் பார்ப்போம். முதலில் ரூட்டரையும் கணிப்பொறியையும் கம்பியால் இணைத்துப் பாருங்கள். அப்போதும் தொடர்பு அறுந்தால் குறை வைஃபை அலையில் இல்லை. அறாவிட்டால் யுஎஸ்பி வன்தட்டைக் கழற்றிப் பாருங்கள். பிறகு ஆன்டெனாவை உலோகப் பெட்டியிலிருந்து விலக்கி, 3 செ.மீ. வீதம் நகர்த்துங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 செ.மீ.; சுவரிலும் பெட்டியிலும் எதிரொளிக்கும் அலைகள் சேர்வதால், அதில் கால்பங்குத் தொலைவே பெருமத்தையும் சிறுமத்தையும் பிரிக்கக்கூடும். இயன்றால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டுமே மாற்றி, விளைவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சைகையின் அருகில் இரைச்சலையும் ஓர் எண்ணாகக் காட்டுவது விண்டோஸுக்கு அரிதன்று. அந்த ஓர் எண் பல வீடுகளில் வீண் செலவைத் தவிர்க்கும்.