பண்ணைப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்

"எட்டாவது புக்கு வரைக்கும் செமையா போகும்டா. அதுக்கப்புறம் ஒரு பண்ணை வரும். ரொம்ப ஸ்லோலா. அத அப்படியே தாண்டிட்டுப் படி."

'வின்லாண்ட் சாகா' மங்காவை எனக்குக் கைமாற்றித் தந்த நண்பன் இப்படித்தான் சொன்னான். சுங்கை சோவில் ஒரு மாமாக் கடை, ராத்திரி பத்து மணி. மேசையில் இருந்த நாலு பேரில் மூணு பேர் அவன் பக்கம். ஒருத்தன், "கத்தி சண்டைக்காகப் படிக்க ஆரம்பிச்சேன், கோதுமை நடுறதப் பாக்கவா?" என்றான். இன்னொருத்தன் 2023இல் வந்த அனிமேயின் இரண்டாம் பருவத்தை மூன்றாவது எபிசோடோடு நிறுத்தியிருந்தான். அந்தப் பருவத்தின் 24 எபிசோடும் பண்ணைக் கதைதான்.

இந்தக் கருத்து எங்கள் மேசைக்கு மட்டும் சொந்தமானதல்ல. இந்த மங்காவைப் படிக்கிற எந்த ஊர்க்காரரைக் கேட்டாலும் பாதிப் பேர் இதையே சொல்வார்கள். நான் கேள்வி கேட்க விரும்புவது எங்கள் மேசையைத்தான். அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்த நாலு பேருடைய தாத்தா பாட்டிகளும் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். அப்பாக்கள் செம்பனைக்கு மாறினார்கள், அல்லது தோட்டம் கைமாறியதும் வெளியேறி வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்தார்கள். நாங்கள் தொழிற்சாலைக்கும் கே.எல். அலுவலகங்களுக்கும் போகிறோம். அப்படிப்பட்ட நாங்களே ஒரு தோட்டக் கதையை 'போர்' என்று சொல்லித் தாண்டுவது எனக்கு உறுத்தியது.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகோதோ யுகிமுரா 2005இல் தொடங்கி 2025இல் முடித்த தொடர் இது. காலம் 11ஆம் நூற்றாண்டு. தோர்ஃபின் ஐஸ்லாந்துப் பையன். அப்பாவைக் கொன்ற அஸ்கெலாட்டைப் பழிவாங்க அவனுடைய கொள்ளைக் கூட்டத்திலேயே சேர்ந்து வளர்கிறான். எட்டாவது தொகுதியில் அஸ்கெலாட் வேறொருவன் கையால் சாகிறான். பழிவாங்க ஆளில்லை. தோர்ஃபின் அடிமையாக விற்கப்பட்டு டென்மார்க்கில் கெட்டில் என்பவரின் பண்ணைக்கு வந்து சேர்கிறான். அங்கிருந்து பதினாலாவது தொகுதி வரை நடப்பதைத்தான் எல்லாரும் 'பண்ணைப் பகுதி' என்கிறோம்.

பண்ணைக்குப் புதிதாக வரும் ஐனார் இங்கிலாந்தின் வடக்கைச் சேர்ந்த விவசாயி மகன். அம்மாவைக் கொள்ளையர்களிடம் பறிகொடுத்தவன். கெட்டில் இருவரிடமும் ஒரு காட்டைக் காட்டுகிறார். வெட்டித் திருத்தி கோதுமை போடுங்கள், விளைச்சலை நான் வாங்கிக்கொள்கிறேன், உங்கள் விலை சேர்ந்ததும் விடுதலை என்கிறார். பிறகு பக்கம் பக்கமாக மரம் வெட்டுகிறார்கள். வேர் தோண்டுகிறார்கள். அடிக்கட்டையை இழுக்க மாடோ குதிரையோ இல்லை. பண்ணையில் கூலிக்கு இருக்கும் சுதந்திரமான ஆட்கள் அடிமைகளுக்கு எதையும் கடன் தர மறுக்கிறார்கள். கெட்டிலின் வயதான அப்பாதான், தனக்கு எடுபிடி வேலை செய்தால் குதிரை தருகிறேன் என்கிறார்.

இந்தப் பக்கங்களை நான் வீட்டில் விரித்து வைத்திருந்தபோது பாட்டி எட்டிப் பார்த்தார். தமிழ் வாசிப்பதே பாட்டிக்குச் சிரமம், இதுவோ ஆங்கிலம். ஆனால் படம் புரிந்தது. "கட்டை பெரட்டுறானுங்களா?" என்றார். மறுநடவு காலத்தில் பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்டபோது அவரும் அந்த வேலைக்காட்டில் நின்றவர். அடுத்தடுத்து மூன்று கேள்வி கேட்டார். "இவனுங்களுக்குச் சம்பளம் எவ்ளோ? மண்டோர் யாரு? வெட்டுன காடு அப்புறம் யாருக்கு?"

இந்த மங்காவைப் பற்றி நான் கேட்ட கருத்துகளிலேயே கூர்மையானவை இந்த மூன்றும்தான். 'ஸ்லோ' என்ற சொல் பாட்டிக்குத் தோன்றவே இல்லை. அவர் பார்த்தது வேலையை. வேலை நடக்கிற இடத்தில் என்ன கேட்க வேண்டுமோ அதைக் கேட்டார்.

முதல் கேள்வி சம்பளம். தோர்ஃபினுக்கும் ஐனாருக்கும் சம்பளம் கிடையாது. அவர்கள்மேல் ஒரு விலை இருக்கிறது, அதை உழைப்பால் அடைக்க வேண்டும். நம் ஆட்கள் மலாயாவுக்கு வந்த கணக்கும் ஏறக்குறைய இதுதான். 1910 வரை ஒப்பந்தக் கூலி முறை. அதோடு சேர்ந்தும் அதன்பிறகும் 1938 வரை கங்காணி முறை. கப்பல் செலவும் முன்பணமும் கடனாக நிற்கும். சட்டத்தில் அது அடிமை முறையல்ல. ஆனால் கடனை அடைக்கிற வரை கால் அந்த மண்ணில்தான். கடன் என்பது நாள்களை எண்ண வைக்கும் ஒரு சங்கிலி. யுகிமுரா மரங்களை ஒவ்வொன்றாக வெட்ட விடுவது அந்த எண்ணிக்கைக்காகத்தான் என்று எனக்குப் படுகிறது. இரண்டே பக்கத்தில் 'சில ஆண்டுகள் கழித்து' என்று போட்டிருந்தால் நமக்கு வேகம் கிடைத்திருக்கும், ஆனால் அந்த ஆண்டுகளின் கனம் போயிருக்கும்.

அவர் இப்படி எழுத முடிந்ததற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. தொடர் முதலில் வந்தது ஒரு வார இதழில். வாரத்துக்கு ஒரு அத்தியாயம் என்ற ஓட்டம் அவருக்கு ஒத்துவரவில்லை. அதே 2005இல் 'ஆஃப்டர்நூன்' மாத இதழுக்கு மாறினார். ஜப்பானிய வார இதழ்களில் வாசகர் வாக்கெடுப்பு ஒரு தொடரின் தலையெழுத்தையே மாற்றும். அதனால் ஒவ்வொரு வாரமும் ஏதாவது வெடிக்க வேண்டும். சின்ன வயதில் மலாயில் 'முத்தியாரா நாகா'வாக வந்த டிராகன் பால் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த வெடிப்புக்குக் கண் பழகிப்போயிருக்கிறது. பண்ணைப் பகுதி அந்தப் பழக்கத்தோடு மோதுகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வி மண்டோர். இங்கேதான் யுகிமுரா என்னை அசத்தினார். கெட்டில் கொடுமைக்காரர் இல்லை. அடிமைகளிடம் மென்மையாகப் பேசுகிறார், வாக்குத் தருகிறார், சண்டை என்றால் நடுங்குகிறார். திருடிய குழந்தைகளை அடிக்க வேண்டிய கட்டம் வரும்போது கை கூசுகிறது. முதல் வாசிப்பில் நாம் அவர் பக்கம் போய்விடுகிறோம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஆளைத் தெரியும். நம் வீட்டுப் பெரியவர்கள் பழைய காலத்தைப் பேசும்போது, "அந்த தொர நல்லவரு" என்ற ஒரு வரி எப்படியும் வந்துவிடும். தீபாவளிக்கு அரிசி கொடுத்தவர், கல்யாணத்துக்கு வந்து நின்றவர். அந்த நல்லவரிடம் லயத்து வீட்டுக் கூரையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டோமா என்றால் பேச்சு நின்றுவிடும்.

கெட்டிலின் நல்ல குணம் எதுவரை என்பதை ஆர்ன்ஹெய்ட் வழியாகக் காட்டுகிறார் யுகிமுரா. அவள் அடிமைப் பெண். போரில் ஊரும் குடும்பமும் அழிந்து விற்கப்பட்டவள். கெட்டில் ராத்திரிகளில் தன் மனக்குறைகளைச் சொல்லி அழுவது அவளிடம்தான். அவளுக்கு அதில் தேர்வே இல்லை என்பது அவருக்கு ஒருநாளும் உறைக்கவில்லை. பிறகு அரசன் க்னூட் பண்ணையைப் பறிக்கப் பார்க்கிறான். சொத்துப் போய்விடும் என்ற பயத்தோடு வீடு திரும்புகிறவருக்கு, அவள் தன் பழைய கணவனோடு தப்பிக்கப் பார்த்தாள் என்று தெரிகிறது. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளைக் கட்டையால் அடிக்கிறார். அவள் சாகிறாள். அந்த அத்தியாயத்துக்கு முந்தைய அத்தனை 'ஸ்லோ' பக்கங்களும் இல்லாமல் போயிருந்தால், கெட்டில் வெறும் வில்லனாக நின்றிருப்பார். அவரோடு பல தொகுதிகள் வாழ்ந்துவிட்டதால்தான், நல்ல முதலாளி என்பது உடைமை பத்திரமாக இருக்கும்வரைதான் என்பது நமக்கு அடிவயிற்றில் தெரிகிறது. தாண்டிப் படித்தவனுக்கு இது கிடைக்காது.

இதே இடத்தில் எனக்கு ஒரு குறையும் உண்டு. ஆர்ன்ஹெய்டின் சாவு இரண்டு ஆண்களின் மனமாற்றத்துக்கு உரமாகிறது. போரும் அடிமைத்தனமும் இல்லாத நிலத்தைத் தேடிப் போகிறோம் என்று தோர்ஃபின் அவளிடம் சொல்கிறான், பின்னால் ஊருக்கு அவள் பெயரையே வைக்கிறார்கள். பெயர் வைத்தால் தீர்ந்துவிடுமா? 1941இல் கிள்ளானில் தொடங்கி சிலாங்கூர்த் தோட்டங்களுக்குப் பரவிய வேலை நிறுத்தத்தை நினைத்துக்கொள்கிறேன். துரைமார் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பது கோரிக்கைகளில் ஒன்று. துரைமாரும் கிராணிமாரும் தொழிலாளர் வீட்டுப் பெண்கள்மேல் கைவைப்பது நிற்க வேண்டும் என்பது இன்னொன்று. தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார், துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். தோற்ற போராட்டம்தான். ஆனால் பெண்ணுக்கு நடந்ததை அங்கே ஒரு கூட்டமே தன் பிரச்சினையாக எடுத்துப் பேசியது. கெட்டில் பண்ணையில் அப்படிக் கூட்டமே உருவாகவில்லை. கூலியாட்கள் அடிமைகளின் நாற்றைப் பிடுங்கிப் போடுகிறார்கள், கைகலப்பு ஆகிறது, அதோடு சரி. அவர்களும் இவர்களும் ஏன் ஒருபோதும் சேரவில்லை என்ற கேள்வியை யுகிமுரா தொட்டுவிட்டு விட்டுவிடுகிறார். அவருடைய அக்கறை தனிமனித மனசாட்சி. தன் கையால் செத்தவர்கள் தோர்ஃபினின் கனவில் வருகிறார்கள், அவன் இனி அடிப்பதில்லை என்று முடிவெடுக்கிறான். அது பெரிய விஷயம்தான். ஆனால் தோட்டத்து வாசகனுக்கு அது பாதி பதில்.

பாட்டியிடம் இது ஜப்பான்காரர் வரைந்த புத்தகம் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம். அவருடைய பெரியப்பா சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. 1942–43இல் ஜப்பானிய ராணுவம் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் நமக்கு அந்தக் கதையைச் சொன்னவை. மங்காவிலும் போர்க் குற்றத்தைப் பேசியவர்கள் இருக்கிறார்கள். ஹிரோஷிமாவில் ஆறு வயதில் உயிர் தப்பிய கெய்ஜி நகசாவா 'பேர்ஃபுட் ஜென்'னில் கொரிய அண்டை வீட்டுக்காரர் ஒருவரை வைத்து ஜப்பானியரின் இனவெறியையும் காட்டினார். ராணுவத்தில் இடது கையை இழந்த ஷிகெரு மிசுகி தன் படையின் அர்த்தமற்ற சாவை வரைந்தார். யுகிமுரா ஆயிரம் வருடம் தள்ளி ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். இது தப்பித்தலா, அல்லது பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்ல முடியாததைத் தூரத்து ஊரில் வைத்துச் சொல்வதா? நான் இரண்டாவது பக்கம்தான் சாய்கிறேன். பாட்டியிடம் கடைசியில் சொன்னேன். "ஜப்பான்காரனா? சரி, கட்டை பெரட்டுறத ஒழுங்காத்தான் வரஞ்சிருக்கான்" என்றார்.

மூன்றாவது கேள்வி: வெட்டின காடு யாருக்கு? கெட்டிலுக்குத்தான். விடுதலை கிடைத்தாலும் அந்த வயல் தோர்ஃபினுக்கு இல்லை. நம் கதையும் இதுவே. தோட்டம் துண்டாடப்பட்டபோதும் வீடமைப்புத் திட்டத்துக்கு விற்கப்பட்டபோதும் காட்டைத் திருத்தியவர்களுக்கு நிலத்தில் பங்கு வரவில்லை. சுங்கை சோவிலிருந்து செரண்டா போகிற வழியில் இப்போது தொழிற்சாலைகளும் மாடி வீட்டு வரிசைகளும்.

ஆனால் பாட்டியின் கேள்வியை யுகிமுரா இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறார். கடைசிப் பகுதியில் தோர்ஃபின் குழு வின்லாண்டில் குடியேறுகிறது. அங்கே ஏற்கெனவே ல்னு மக்கள் வாழ்கிறார்கள். நோயும் சந்தேகமும் வாளும் வருகின்றன, குடியேற்றம் தோற்கிறது. காடு வெட்டி விடுதலை பெற்றவனே இன்னொருவர் காட்டில் வந்து நிற்கிறான். படித்து முடித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சிலாங்கூரின் இந்தக் காடுகளில் தெமுவான் மக்கள் நமக்கு முன்னாலிருந்தே இருக்கிறார்கள். நம் தாத்தாக்கள் துரைக்காகத்தான் வெட்டினார்கள், தங்களுக்காக இல்லை. அப்படியும் அது யாருடைய காடு என்ற கேள்வியை நம் தோட்டப் புனைவுகள் அதிகம் கேட்டதில்லை. நாம் பாதிக்கப்பட்டவர்கள் என்ற இடத்திலேயே கதையை நிறுத்திக்கொள்வது வசதியாக இருந்திருக்கிறது. இந்த மங்கா அந்த வசதியைக் கொஞ்சம் கெடுத்தது.

இதே 'போர்' முத்திரையைச் சுமக்கும் இன்னொரு பகுதி தகெஹிகோ இனோவேயின் 'வாகபாண்ட்'டில் இருக்கிறது. ஒரே சண்டையில் எழுபது பேரை வெட்டிய முசாஷி, விளையாத மண்ணோடு ஒரு ஏழைக் கிராமத்தில் மல்லுக்கட்டுகிறான். பஞ்சம் வருகிறது, ஊருக்குச் சோறு வேண்டி அதிகாரி முன் மண்டியிடுகிறான். ஓவியமாகப் பார்த்தால் இனோவே யுகிமுராவைவிடப் பல படி மேல். ஆனால் அங்கே மண் முசாஷியின் வாள்வித்தைக்குப் பாடமாகிறது. யாருடைய நிலம், யாருக்கு விளைச்சல் என்ற கணக்கு யுகிமுராவிடம்தான் கறாராக இருக்கிறது.

போன வாரம் அதே மாமாக் கடையில் நண்பனிடம் பாட்டியின் மூன்று கேள்விகளைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டிருந்தான். "எங்க தாத்தாவும் மண்டோர்தான்டா" என்றான். அதுவரை அவன் அதைச் சொன்னதில்லை. ஒன்பதாவது தொகுதியைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.