பொய் ஆபரேஷன்

மூட்டுத் தேய்மானமா? முழங்காலில் சின்னதாகத் துளை போட்டு, உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவி, சுரண்டி விடுவார்கள். பெயர் ஆர்த்ராஸ்கோப்பி. செய்துகொண்ட பலரும் 'வலி குறைஞ்சிடுச்சு சார்' என்றார்கள். அப்புறம் என்ன ஆராய்ச்சி?

பி.காம். படித்தவனுக்கு இது உறுத்தும். வரவை மட்டும் எழுதினால் எந்தக் கடையும் லாபம்தான்!

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரின் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் புரூஸ் மோஸ்லி குழுவினர் 180 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு கோஷ்டிக்குக் கழுவல். இன்னொன்றுக்குச் சுரண்டல். மூன்றாவதுக்கு? தோலில் மூன்று கீறல், தண்ணீர் தெளிக்கும் சத்தம், தையல். அவ்வளவுதான்! 'வெறும் நடிப்பு ஆபரேஷனாகவும் இருக்கலாம்' என்று தெரிந்தே எல்லோரும் சம்மதித்திருந்தார்கள். இரண்டு வருடம் கவனித்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று கோஷ்டிக்கும் வலியில் வித்தியாசமில்லை.

குறை இல்லாமல் இல்லை. அத்தனை ஆபரேஷனும் ஒரே டாக்டர். நோயாளிகளில் அநேகமாக எல்லோரும் ஆண்கள். மூட்டுவலியோ பெண்களைத்தான் அதிகம் படுத்துகிறது. ஆனால், பெண்களையும் சேர்த்து கனடாவில் செய்த ஆராய்ச்சி 2008-ல் வந்தது. உடற்பயிற்சி, மருந்தோடு ஆபரேஷனையும் சேர்த்தால் கூடுதல் பலன் இல்லை என்றது அதுவும்.

இது தேய்மானத்துக்கான கணக்கு மட்டுமே. எல்லா முழங்கால் ஆபரேஷனும் வீண் என்று கிளம்பிவிடாதீர்கள். கையெழுத்துப் போடுமுன் டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'செய்யாம விட்டா என்ன ஆகும் டாக்டர்?'