கல்ச்சர் ரிப்போர்ட்டை எவ்வளவு நம்பலாம்?

மத்தூர், ஊத்தங்கரைப் பக்கம் ரத்தத்தில் கிருமி பரவி ஒருவர் படுத்துவிட்டால், கிருஷ்ணகிரிக்கோ ஓசூருக்கோ, முற்றிவிட்டால் பெங்களூருக்கோ கொண்டு ஓடுகிறார்கள். எங்கே சேர்த்தாலும் அவர் உயிர் ஒரு கேள்வியில் நிற்கிறது: அந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்கும்?

இதற்கு விடை தேடும் வழிகளில் பரவலானது, 1966-இல் பாயர், கிர்பி குழுவினர் தரப்படுத்திய டிஸ்க் முறை. முல்லர்-ஹின்டன் அகார் தட்டில் கிருமியைப் பரப்பி, மருந்து ஏற்றிய காகித டிஸ்க்குகளைப் பதித்து, 35 டிகிரி வெப்பத்தில் 16 முதல் 18 மணி நேரம் வைப்பார்கள். டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை அளந்து அட்டவணையோடு ஒப்பிட்டால் முடிவு தெரியும். செலவு குறைவு, பெரிய இயந்திரம் வேண்டாம். எதிர்ப்பு எந்த வழியில் வந்திருந்தாலும், மருந்தை மீறி வளரும் கிருமி தட்டிலேயே தெரிந்துவிடும். இந்த முறையின் பெரிய பலம் இதுதான்.

குறைகளும் சிறியவை அல்ல. முதலில் கல்ச்சர் பாட்டிலில் ரத்தத்திலிருந்து கிருமி வளர வேண்டும், பிறகு டிஸ்க் சோதனை. முடிவு வர இரண்டு மூன்று நாளாகிவிடும். கடைசிக் கட்ட மருந்தான கொலிஸ்டின் அகாரில் சரியாகப் பரவாது. அதற்கு வட்டத்தை நம்பக் கூடாது, திரவத்தில் படிப்படியாக நீர்த்துச் சோதிக்க வேண்டும். கார்பபெனிம் என்ற ஆன்டிபயாடிக் வகையை அழிக்கும் நொதியைக் கண்டறியப் பயன்பட்ட திருத்திய ஹாட்ஜ் சோதனையோ, 2010-இல் சென்னை மாதிரிகளையும் சேர்த்து லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ் இதழ்க் கட்டுரை எச்சரித்த என்டிஎம் நொதி வகையைப் பலமுறை தவறவிட்டது. 2018-இல் அமெரிக்கத் தர அமைப்பான சிஎல்எஸ்ஐ அதைக் கைவிட்டது.

மரபணுச் சோதனை வேகமானது. என்டிஎம், கேபிசி, விஐஎம், ஐஎம்பி, ஆக்ஸா-48 என்ற ஐந்து நொதி வகைகளின் மரபணுக்களையும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் காட்டும் கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. ஆனால் தேடிய மரபணுவைத்தான் அது காணும். கிருமி தன் வெளிச்சவ்விலுள்ள நுழைவழிகளைக் குறைத்து மருந்தைத் தடுத்தால், அது இதில் தெரியாது. மரபணு இல்லை என்ற முடிவை மருந்து கேட்கும் என்று படித்தால் ஆபத்து.

எந்த முறையாலும் ஈடுகட்ட முடியாத குறை ஆய்வகத்துக்கு வெளியே இருக்கிறது. மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கிய பிறகு எடுத்த ரத்தத்தில் கிருமி வளராமலே போகலாம். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும். குறைந்தால் கிருமி சிக்காமல் போகலாம்.

2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்ட கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் முதல் பணம் எங்கே போக வேண்டும்? கல்ச்சர் பாட்டில், பயிற்சி பெற்ற டெக்னீஷியன், தரக் கட்டுப்பாடு, இரவு ஷிப்ட் ஆகியவற்றுக்கு என்பேன். வளர்ச்சி காட்டிய பாட்டிலிலிருந்தே நேரடியாக டிஸ்க் வைத்து 4, 6, 8 மணி நேரத்தில் படிக்கும் முறையை ஐரோப்பாவின் யூகாஸ்ட் அமைப்பு வகுத்திருக்கிறது. அதற்கும் இரவில் ஆள் வேண்டும். மரபணு இயந்திரம் அதன்பின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வரட்டும். கல்ச்சரை ஒழுங்காகச் செய்யும் ஆய்வகத்தில்தான் அந்த இயந்திரத்தின் வேகம் நோயாளிக்குப் பயன்படும்.