சலுகை என்னும் சொல்: பல்கலைக்கழகப் பரீட்சையும் உடற்குறையுடைய மாணவரும்

பல்கலைக்கழகச் சுற்றறிக்கைகளிலும் மூதவை அறிக்கைகளிலும் வழங்கும் சொற்கள் இலக்கியத் திறனாய்வாளரின் கவனத்துக்குரியன அல்ல என்றதோர் எண்ணம் எம்மிடையே நிலவுகின்றது. காவியத்தையும் நாவலையும் நுணுகி ஆராயும் நாம், எமது அன்றாடத் தொழிலை ஒழுங்குபடுத்தும் உரைநடையை ஆராயாது விட்டுவிடுகிறோம். பார்வையற்ற மாணவர் ஒருவருக்குப் பரீட்சையில் மேலதிக நேரம் வழங்கப்படும்போதும், கையால் எழுதவியலாதவருக்கு எழுதுநர் ஒருவர் அமர்த்தப்படும்போதும், செவிப்புலன் குறைந்தவருக்கு விரிவுரைக் குறிப்புகள் முன்கூட்டியே கொடுக்கப்படும்போதும் அவற்றையெல்லாம் குறிக்க நாம் கையாளும் சொல் ‘சலுகை’ என்பதாகும். இச்சொல் யாருடைய நிலைநின்று பேசுகின்றது? சலுகை வழங்குபவர் மேலே நிற்பவர்; பெறுபவர் அவருடைய தயவில் நிற்பவர். வழங்கியதை எவ்வேளையிலும் மீளப் பெறலாம்; வழங்காது விட்டாலும் கேட்பாரில்லை. நிலவுடைமையாளர் தம் குடிகளுக்கு விளைச்சல் பொய்த்த ஆண்டில் காட்டிய தயாளத்தின் மொழி இது. உரிமையின் மொழி அன்று. இம்மொழி மறைக்கும் உண்மை யாது என்பதே எமது வினா.

முதலிற் கலைச்சொற்கள் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். 1970களில் பிரித்தானியாவில் இயங்கிய ‘பிரித்துவைத்தலுக்கு எதிரான உடற்குறையுடையோர் ஒன்றியம்’ 1976 இல் வெளியிட்ட அடிப்படைக் கோட்பாடுகளில், குறை வேறு, இயலாமை வேறு என்னும் பாகுபாட்டை முன்வைத்தது. போல் ஹன்ற், விக் பிங்கெல்ஸ்ரீன் முதலியோர் இதன் பின்னணியில் நின்றவர்கள். கண் காணாமை குறை. எழுத்து வடிவில் மட்டும் நூலை வைத்திருக்கும் நூலகம் உண்டாக்குவது இயலாமை. கால் நடவாமை குறை. விரிவுரை மண்டபத்தை மூன்றாம் மாடியில் வைத்துப் படிக்கட்டை மட்டும் அமைத்த கட்டடம் உண்டாக்குவது இயலாமை. மைக் ஒலிவர் 1990 இல் எழுதிய நூல் இப்பாகுபாட்டை வரலாற்றுப் பொருள்முதல்வாத அடிப்படையில் விரித்து, ஆலைத் தொழிலின் வேகத்துக்கும் ஒழுங்குக்கும் ஈடுகொடுக்கவியலாத உடல்களை முதலாளித்துவம் எவ்வாறு உற்பத்திக்கு வெளியே தள்ளியது என்பதை ஆராய்ந்தது. இதற்கான வித்து மார்க்சிடமே உண்டு. 1867 இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில், மேலதிக மக்கள்தொகையின் அடித்தட்டை விவரிக்கும்போது இயந்திரங்களாலும் சுரங்கங்களாலும் உடல் சிதைந்தோரையும் அவர் அதிற் சேர்த்தே எண்ணுகிறார். உடற்குறையும்கூடச் சமூகத்தால் உற்பத்தி செய்யப்படக்கூடும் என்பதை இலங்கைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. 1983 முதல் 2009 வரையான போர் அதனை எமது ஊர்கள்தோறும் எழுதிச் சென்றிருக்கின்றது.

‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல் தமிழ்நாட்டில் 2010 இல் அரச வழக்காகி இங்கும் பரவியது. பழைய இழிசொற்களை அகற்றிய அளவில் அது வரவேற்கத்தக்கதே. எனினும் பெயரை மரியாதையாக்கிவிட்டுப் படிக்கட்டை அப்படியே விட்டுவைக்கும் வசதியும் அதில் உண்டு. ஆதலின் இக்கட்டுரையில் நாம் ‘உடற்குறை’, ‘இயலாமை’ என்பவற்றையே மேற்கூறிய வேறுபாட்டுடன் கையாளுகிறோம்.

எமது இலக்கிய வரலாற்றிற் பார்வையற்ற புலவர் அரியரல்லர். அந்தகக்கவி வீரராகவ முதலியார் திருக்கழுக்குன்றப் புராணமும் சந்திரவாணன் கோவையும் பாடியவர். அவர் ஈழத்துக்கு வந்து பரராசசேகர மன்னனிடம் பரிசில் பெற்றார் என்பது மரபுக்கதை. அவரைப் பதினேழாம் நூற்றாண்டினர் என்பதையும், 1619 இல் யாழ்ப்பாண இராச்சியம் வீழ்ந்தமையையும் சேர்த்து நோக்கின் அதன் காலப்பொருத்தம் ஐயத்துக்குரியது. இரட்டைப் புலவருள் ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்கவியலாதவர்; ஒருவரை ஒருவர் சுமந்தும் வழிகாட்டியும் திரிந்து தில்லைக் கலம்பகம் முதலியவற்றைப் பாடினர் என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலர் சிறுவயதிலேயே பார்வையிழந்தவர். புலவர் சரித்திரங்கள் இவர்களைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் தெய்வ அருளையே காரணமாகக் காட்டுகின்றன. ஆனால் அதே சரித்திரங்களின் இடுக்குகளில் வேறொரு செய்தி ஒளிந்து கிடக்கின்றது. வீரராகவருக்கு அவருடைய முதுகில் எழுத்துகளை வரைந்து காட்டி எழுத்தறிவித்தனர் என்னும் கதை அத்தகையது. யாரோ ஒருவர் வரைந்தார். யாரோ ஒருவர் ஏட்டைப் படித்துக் கேட்பித்தார். பாடியதை யாரோ ஒருவர் ஓலையிற் பொறித்தார். இவர்களின் பெயர்களை மரபு பேணவில்லை. அருள் என்று சொல்லப்பட்டதில் ஒரு பெரும்பகுதி இப்பெயரறியா மனிதரின் உழைப்பாகும்.

இவ்வுதாரணங்களைக் காட்டி அக்காலத்தைப் பொற்காலமாக்க நாம் முயலவில்லை. அக்கல்வி சாதியாலும் புரவலர் தயவாலும் வேலியிடப்பட்டிருந்தது; பார்வையற்ற கூலி விவசாயியின் மகனுக்கு முதுகில் எழுத்து வரைய எவரும் வந்திரார். எமக்கு வேண்டியது ஒன்றே. செவிவழிக் கல்வி நிலவிய சூழலிற் கண்பார்வையின்மை புலமைக்குத் தடையாகக் கருதப்படவில்லை. அது தடையாகியது பின்னர். பேராசிரியர் கைலாசபதி 1968 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வீரயுகக் கவிதை பற்றிய நூலில், சங்கப் பாடல்களை வாய்மொழி மரபில் வைத்து விளக்கினார். அந்நூலை மேற்கோள் காட்டி வாய்மொழி மரபின் சிறப்பை விரிவுரை செய்யும் நாம், அவ்விரிவுரையைக் கேட்ட மாணவரை மூன்று மணித்தியாலம் கையெழுத்தில் மட்டுமே பரீட்சிக்கிறோம் என்பதிலுள்ள நகைமுரண் எம்மை உறுத்துவதாகத் தெரியவில்லை.

மூன்று மணித்தியால எழுத்துப் பரீட்சை இயற்கையின் நியதியன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்திய சிவில் சேவைக்குப் போட்டிப் பரீட்சை புகுந்ததோடு, குடியேற்ற நாட்டு நிருவாகத்துக்கு ஆட்தேரும் கருவியாக அது வலுப்பெற்றது. 1921 இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. கடல் கடந்து சென்று திருத்தப்பட வேண்டிய விடைத்தாளுக்கு முகமும் குரலும் இருத்தல் இயலாது. கையெழுத்தும் சுட்டெண்ணும் போதும். 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட பின்னரும் இவ்வடிவம் மாறவில்லை. குறித்த நேரத்துள், குறித்த வேகத்தில், கண்ணாற் படித்துக் கையால் எழுதவல்ல ஓர் உடலை அது முற்கற்பிதமாகக் கொண்டது. அவ்வுடலுக்கு மேசையும் கதிரையும் தாளும் விளக்கும் கட்டடமும் அரசு செலவில் வழங்கப்படுகின்றன. இவற்றை எவரும் சலுகை என்பதில்லை. வேறோர் உடலுக்கு வேண்டியவை கேட்கப்படும்போதுதான் அச்சொல் பிறக்கின்றது.

இங்கு முற்போக்காளரிடமிருந்தே வரும் ஓர் ஆட்சேபத்தை எதிர்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே நேரம், பெயரற்ற விடைத்தாள் என்பன சிபாரிசுக்கும் குடும்பச் செல்வாக்கிற்கும் எதிராக வென்றெடுக்கப்பட்ட சனநாயக உரிமைகள் அல்லவா? 1945 இன் இலவசக் கல்வியும் அதன்பின் வந்த சுயமொழிக் கல்வியும் கிராமத்துப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்குக் கொணர்ந்தபோது, இப்பரீட்சையே அவர்களுக்கு வாயிலாயிற்று. தமிழரைப் பொறுத்தவரை இதற்கு மேலுமொரு கனம் உண்டு. 1970களின் முற்பகுதியில் நடைமுறைக்கு வந்த தரப்படுத்தல், சமமான புள்ளிகள் சமமாக மதிக்கப்பட வேண்டும் என்பதை ஓர் இனத்தின் கோரிக்கையாகவே மாற்றியது. அந்த நினைவு காரணமாக, பரீட்சையில் எவ்வகை மாற்றத்தைக் கண்டாலும் ஐயுறும் மனப்பாங்கு எமது அறிவாளரிடையே வேரூன்றியிருப்பது விளங்கிக்கொள்ளக் கூடியதே. ஆயின் இரண்டும் ஒன்றல்ல. தரப்படுத்தல், எழுதி முடிந்த விடைக்குரிய புள்ளியின் பெறுமதியை மாற்றியது. இங்கு கோரப்படுவதோ மாணவரின் அறிவு தாளை வந்தடையும் வழியை மாற்றுவது, புள்ளி தொடப்படுவதேயில்லை.

1875 இல் ஜேர்மன் தொழிலாளர் கட்சியின் கோத்தா வேலைத்திட்டத்தை விமர்சித்தபோது மார்க்ஸ் இவ்விடயத்தின் ஆணிவேரைத் தொட்டார். சமமற்ற மனிதருக்கு ஒரே அளவுகோலைப் பிரயோகிக்கும் சம உரிமை, உள்ளடக்கத்தில் சமமின்மைக்கான உரிமையாகவே அமையும் என்பது அவரது வாதம். ஒருவர் மற்றவரைவிட உடல்வலுவோ மனவலுவோ மிக்கவராதலால் ஒரே நேரத்தில் கூடுதலான வேலையைத் தருவார் என்று அவர் காட்டிய எடுத்துக்காட்டு, பரீட்சை மண்டபத்து மணிக்கூட்டுக்கும் அப்படியே பொருந்தும். ஆங்கில இலக்கிய மாணவரிடம் நாம் மில்ரன் எத்தனை மணித்தியாலத்தில் எழுதினார் என்று கேட்பதில்லை. பார்வையிழந்த பின்னர் பிறரைக்கொண்டு எழுதுவித்த அவரது காவியம் 1667 இல் வெளிவந்தது என்று மட்டும் கூறி அப்பாற் செல்கிறோம்.

எழுதுநர் பற்றிய நடைமுறை தமிழ்த்துறையினர் தனியே சிந்திக்க வேண்டிய ஒன்றாகும். எழுதுநர் பாடத்தை அறிந்தவராயிருந்தால் விடையைத் தாமே எழுதிவிடுவார் என்ற அச்சத்தால், அவர் பரீட்சார்த்தியிலும் குறைந்த கல்வித் தகைமையுடையவராக இருக்க வேண்டுமென்னும் விதி பல இடங்களில் விதிக்கப்பட்டு வந்துள்ளது. இந்தியாவின் 2018 ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளிலும், பரீட்சார்த்தி தாமே அழைத்துவரும் எழுதுநருக்கு இந்நிபந்தனை இருந்தது. (அதே நெறிகள் மணித்தியாலத்துக்கு இருபது நிமிடத்துக்குக் குறையாத ஈட்டு நேரத்தையும் வகுத்தன என்பதைக் குறிப்பிடாது விடல் நேர்மையாகாது.) தமிழில் இவ்விதியின் விளைவு யாது? எமது பேச்சு வழக்கில் ழகரமும் ளகரமும் பெரிதும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. இலக்கணம் பயிலாத எழுதுநரிடம் பார்வையற்ற மாணவர் ‘தளை’ என்று சொல்ல, தாளில் ‘தழை’ என்று விழுகின்றது. ‘விளி வேற்றுமை’ என்று சொல்ல ‘விழி வேற்றுமை’ ஆகின்றது. பரீட்சகர் சிவப்பு மையாற் கோடிட்டுப் புள்ளியைக் குறைக்கிறார். யாருடைய பிழை யாரிடம் அறவிடப்படுகின்றது! மாணவரே கணினி விசைப்பலகையில் எழுதுவதற்கு இடமளித்தால் இப்பிரச்சினையின் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

கணினி என்றதும் எல்லாம் தீர்ந்துவிட்டதாகக் கருதுவோரும் உளர். திரையிலுள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றுட் சில தமிழையும் வாசிக்கும். ஆனால் எமது விரிவுரைக் குறிப்புகளில் எத்தனை இன்னும் பாமினி எழுத்துருவிற் கிடக்கின்றன! பாமினி என்பது ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை அணிவித்த முறை. கண்ணுக்கு அது தமிழ்; கணினிக்கு அது ஆங்கில எழுத்துக்களின் குவியல். பாமினியில் அடிக்கப்பட்ட ‘தமிழ்’ என்னும் சொல்லைத் திரைவாசிப்பான் எழுத்தெழுத்தாக வாசித்தால் ‘ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி’ என்று கேட்கும். ஒருங்குறிக்கு மாறுவதற்கு எந்த நிதியொதுக்கீடும் வேண்டியதில்லை. விரிவுரையாளரின் பழக்கம் மாறினாற் போதும். ஒளிப்படமாக வருடப்பட்ட பக்கங்களின் நிலை இதனினும் மோசமானது. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துப் பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் அழிவிலிருந்து மீட்டுத் தந்த பணி போற்றுதற்குரியது. ஆயினும் படமாகவே உள்ள பக்கம் பார்வையற்றவருக்கு வெறுந்தாளே. எனவே அவர் தோழியிடம் செல்கிறார். தோழி உரக்க வாசிக்கிறார். பரீட்சை நெருங்கும்போது தோழிக்கும் தமது பாடம் உண்டு. வீரராகவரின் ஏட்டைப் படித்துக் கேட்பித்த பெயரறியா மனிதரின் இடத்தில், ஊதியமும் பெயருமின்றி இன்று அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் சக மாணவியரே. நிறுவனம் செய்ய வேண்டிய வேலையை நட்பு செய்து முடிக்க, நிறுவனம் தனது அறிக்கையில் ‘ஆதரவுச் சூழல்’ என்று அதனைப் பதிவு செய்துகொள்கின்றது.

சட்டத்தின் நிலையை நீட்டிக் கூறுதல் இங்கு எமது நோக்கமன்று. இலங்கையின் 1996 ஆம் ஆண்டு 28 ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவன அனுமதியில் இயலாமை காரணமாகப் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்தது. 2006 இல் பொதுக் கட்டடங்களின் அணுகல் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் வந்தன. அதே ஆண்டு டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சமவாயத்தை இலங்கை 2007 இல் ஒப்பமிட்டு 2016 இல் ஏற்புறுதி செய்தது. அச்சமவாயம் நியாயமான இசைவாக்கத்தை மறுப்பதையே பாகுபாட்டின் ஒரு வடிவமாக வரையறுக்கின்றது. உயர்கல்வியிலும் அதனை உறுதிசெய்யக் கோருகின்றது. இசைவாக்கம் என்னும் இச்சொல்லுக்கும் சலுகைக்கும் இடையிலுள்ள தூரமே இக்கட்டுரையின் பொருள். முன்னதில் இசைய வேண்டியது நிறுவனம். பின்னதில் இரக்க வேண்டியவர் மாணவர்.

இசைவாக்கத்துக்கு எல்லை உண்டா என்ற வினா நேர்மையானது. அதற்குப் பொதுவிடை கிடையாது. பாடந்தோறும் எது சாரம், எது பழக்கம் என்று ஆசிரியர் தம்மைத்தாமே கேட்டாக வேண்டும். யாப்பை எடுத்துக்கொள்வோம். பார்வையற்றவருக்கு அசையும் சீரும் செவிப்பொருள். அவருக்கு அங்கு இடரில்லை. செவிப்புலனற்றவருக்கோ ‘ஓசையைக் கேட்டறிக’ என்னும் எமது வழமையான கற்பித்தல் முறை கதவைச் சாத்திவிடுகின்றது. எனினும் நேரும் நிரையும் குறில், நெடில், ஒற்று என்ற கண்ணுக்குப் புலனாகும் விதிகளால் அமைந்தவை. வெண்டளை பிறழ்ந்த இடத்தை எழுத்தைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். செப்பலோசையின் இன்பத்தை அவர் விவரிக்க முடியாமற் போகலாம். உண்மையைச் சொல்வதாயின், அதனை விவரிக்கும் ஏனைய மாணவரிற் பலரும் உரைநூலை ஒப்புவிப்பவர்களே.

சுவடியியல் இதைவிடக் கடினமானது. ஓலையிலுள்ள எழுத்தைக் கண்ணாற் படித்தறிதலே அப்பாடத்தின் சாரம் என்று கூறினால் பார்வையற்றவருக்கு அங்கு இடமில்லை. ஆனால் பாடபேதங்களை ஒப்பிட்டு மூலத்தை நிறுவுதலும், படியெடுத்தோரின் பிழைகள் எழும் வகையை அறிதலுமே சாரம் எனின், பிறர் எழுத்துப்பெயர்த்துத் தந்த பாடங்களைக் கொண்டு அவர் அதனைச் செய்யலாம். அச்சிட்ட பதிப்புகளை மட்டும் வைத்துப் பாடபேத ஆராய்ச்சி செய்வோரும் அதனையே செய்கின்றனர். இவ்விரண்டில் எது அப்பாடத்தின் நோக்கம் என்பதை எமது பாடத்திட்டங்கள் தெளிவாக எழுதிவைக்கவில்லை. பார்வையற்ற மாணவர் ஒருவர் அப்பாடத்தைத் தெரிவு செய்ய விரும்பி வரும்வரை அவ்வினா எழாமலே இருந்தது. அவர் வந்த அன்று, வேறு பாடத்தை எடுக்குமாறு ஆலோசனை கூறி அனுப்பிவிட்டோமாயின் இன்னும் பல ஆண்டுகளுக்கு அது எழாது.