தொண்ணூறு நொடிச் சோதனை

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் இயலாமையை அளக்க மருத்துவர்கள் அதிகம் நம்புவது இ.டி.எஸ்.எஸ். அளவுகோலை. அதன் மேல்படிகள் பெரும்பாலும் நடையை வைத்தே ஏறுகின்றன. மறதியும் யோசனையின் மந்தமும் அதில் சரியாகப் பதிவதில்லை. அந்த ஓட்டையை அடைக்க 2012-ல் வந்த பிகாம்ஸ் தொகுப்பை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்றே சோதனை, கால் மணி நேரம். முன்பு இருந்த பாசாட் மாதிரி, மூன்று நொடிக்கு ஒரு எண்ணை ஒலிக்கவிட்டுக் கூட்டச் சொல்லி ஆளை நோகடிப்பதும் இல்லை.

ஆனா அதில் உள்ள எஸ்.டி.எம்.டி.யைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. ஒன்பது குறிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அட்டவணையைப் பார்த்து 90 நொடியில் எத்தனை எண்ணைச் சரியாகச் சொல்கிறாரோ அதுவே மதிப்பெண். கை ஒத்துழைக்காதவருக்காக எழுதாமல் வாயால் சொல்ல விட்டார்கள், நல்லது. கண்ணுக்கு என்ன வழி? பார்வை நரம்பு அழற்சி, கண் துள்ளல், பேச்சுக் குழறல் எல்லாம் இதே நோய் கொடுப்பவைதானே! குறியே மங்கலாகத் தெரிகிறவரை, சிந்தனை வேகம் குறைந்தவர் என்று எழுதிவிடலாமா? பார்வையைச் சோதிக்காமல் இந்தத் தாளை நீட்டுவது சோம்பேறித்தனம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அமைதியான அறையில், ஒரே வேலையை ஒன்றரை நிமிஷம் செய்து "இயல்பு" என்று வெளியே வருகிறவர், சோர்வு ஏறின மதியத்தில், போன் அடிக்க அடிக்கக் கணக்குப் பார்க்கும்போது தடுமாறுவார். அவருக்கு மதிப்பெண் நாலு குறைந்தாலே கவனிக்கணும் என்கிறார்கள். நோய் தெரிந்த அன்றைக்கே ஒரு மதிப்பெண் எடுத்து வைக்காத இடத்தில், எதிலிருந்து நாலு?